சிவப்பு நூல் கட்டிய பிஸ்கட் டின்

எனக்கு வயது எண்பத்தெட்டு. ஏழு பேரை வளர்த்தேன். நான்கு என் வயிற்றில் பிறந்தவை, மூன்று என் நாத்தனார் விட்டுப் போனவை. ஏழு பேரும் இன்று சொந்தக் காலில் நிற்கிறார்கள். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு நின்றவள் நான். என் பெயரை எழுதுவேன், பஸ் பலகையைக் கூட்டிக் கூட்டிப் படிப்பேன். அதற்கு மேல் வேண்டுமென்றால் பேத்தி வேண்டும். இதையும் அவள்தான் எழுதுகிறாள், நான் சொல்லச் சொல்ல, என் வேகத்தில்.

மலாக்கா பண்டார் ஹிலிர் மாடி அறையில் உட்கார்ந்து பழைய டேப்புகளைக் கணினியில் ஏற்றும் பிள்ளைகளே, வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று கேட்டீர்கள். மிஷினைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது. எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். தலைக்கு மேல் ஒருவர் நின்று கத்தும்போது கை என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் நான் சொல்ல முடியும். போன மாதம் நீங்கள் திறந்த அந்த பிஸ்கட் டின்னை வைத்தே சொல்கிறேன். அதன் மேல் சிவப்பு நூல் சுற்றியிருந்ததே, அந்த முடிச்சு நான் போட்டது.

காஜா பெராங்கில் அப்போது ஒரு ரேடியோ கடை இருந்தது. கடைக்குப் பின்னால் ஒலிப்பதிவு அறை. முதலாளி சீனர். நாங்கள் தவுக்கே என்போம், அவர் என்னைத் தங்கச்சி என்பார். அவரும் நானும் மலாயில்தான் பேசிக்கொள்வோம், இங்கே தமிழில் சொல்கிறேன். என் கணவர் காய்ச்சலில் போன பிறகு நான் கோயில் வாசலில் பூ கட்டி விற்றுக்கொண்டிருந்தேன். தவுக்கே போகிற வழியில் நின்று என் விரல்களையே பார்த்தார். மறுநாள் கூப்பிட்டு ஒரு கத்தரிக்கோலும் டேப்பும் கொடுத்தார். வெட்டு, ஒட்டு. மல்லிகையைக் கட்டுகிறவளுக்கு அது பெரிய வேலையா?

தவுக்கே எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது வெட்டுவதை அல்ல. "வெட்டினதை எறியாதே" என்பதை. அதற்கு ஒரு காரணம் உண்டு. நான் சேருவதற்கு முன்பு ஒரு ரொங்கேங் பாடகி வந்து பாடியிருக்கிறார். மேடையில் ஆடிக்கொண்டே பாடுகிறவர், அதனால் வரிக்கு வரி மூச்சு வாங்கும். தவுக்கே அழகாக இருக்கட்டும் என்று எல்லா மூச்சையும் வெட்டி எடுத்துவிட்டார். பாடகி வந்து கேட்டுவிட்டு, "இது யார்? தண்ணீரில் முழுகிச் செத்தவளா?" என்றாராம். தவுக்கே குப்பைக்கூடையைக் கவிழ்த்து, ஒவ்வொரு மூச்சாகத் தேடி, திரும்ப ஒட்டினார். அன்றிலிருந்து எங்கள் கடையில் எந்தத் துண்டும் வெளியே போகாது. ஒரு கோணிப்பையில் கிடக்கும். இதை ஞாபகத்தில் வையுங்கள், பிறகு வரும்.

இப்போது கிதார்க்காரர். பெயர் வேண்டாம், உங்களுக்குத் தெரியும். பக்கத்திலேயே கம்போங் செட்டியில், செட்டிகள் குடியிருப்பில் பிறந்தவர். அவர்கள் நம் சாமியைக் கும்பிடுகிறவர்கள், நம்மைப் போலப் பொட்டு வைப்பவர்கள், ஆனால் வீட்டில் பேசுவது ஒரு மாதிரி மலாய். அவருக்குத் தமிழில் தெரிந்தது பத்துச் சொல் இருக்கும். அதில் ஒன்று அக்கா. மெர்டேக்காவுக்கு, நாடு சுதந்திரம் அடைந்ததற்கு, அப்புறம் வந்த வருஷங்களில் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு வரைக்கும் அவர் கிதார் கேட்காத காப்பிக்கடை இல்லை. சிவப்பு எலக்ட்ரிக் கிதார். அவர் ஸ்கூட்டர் வந்தால் காஜா பெராங் ரோட்டில் பையன்கள் பின்னால் ஓடுவார்கள். விரல் ஓடுகிற வேகத்தில் எது விரல் எது கம்பி என்று தெரியாது. ராக் ராக் என்று ஊரே ஆடியது அவரால்தான்.

ஊருக்குத் தெரியாதது ஒன்று. மதியம் தவுக்கே சாப்பிட்டுத் தூங்கும் நேரத்தில் கிதார்க்காரர் தனியாக வருவார். மிஷினை ஓடவிட்டு, அறையில் உட்கார்ந்து, தனக்காக வாசிப்பார். ஒரு சின்ன இடத்தையே திரும்பத் திரும்பத் தேடுவார். தப்பு வரும், தன்னையே திட்டிக்கொள்வார், சிரிப்பார், நடுவில் பலகாரம் சாப்பிடுவார். எல்லாம் டேப்பில் ஏறும்.

ஒரு நாள் கேட்டேன். "இதை எதுக்கு வச்சிக்கிறீங்க? இதுல பாதி தப்புதானே?"

"அதுக்குத்தான் அக்கா. நல்லா வாசிச்சதெல்லாம் கிராமபோன் பிளேட்டா ஊருக்குப் போயிடுது. தப்பு மட்டும்தான் எனக்கு மிச்சம்."

அந்த டேப்புகளைத் தனியாக ஒரு பிஸ்கட் டின்னில் வைக்கச் சொன்னார். யாருக்கும் போட்டுக் காட்டக் கூடாது, அழிக்கவும் கூடாது. எனக்கு எழுத்து வராததால் டின்களுக்கு நூல் கட்டி அடையாளம் வைப்பேன். கோயில் பாட்டுக்கு மஞ்சள், கல்யாணத்துக்குப் பச்சை. இதற்குச் சிவப்பு கட்டினேன். சிவப்பென்றால் தொடாதே.

அந்த வருஷம் பழக்காலத்தில் அவர் தன் அம்மாவை அழைத்துக்கொண்டு வந்தார்.

செட்டிக் குடும்பங்களில் பார்ச்சு என்று ஒரு வழக்கம். நாம் படையல் போடுவது போலத்தான். பொங்கலுக்கு முதல் நாள் ஒன்று, பழக்காலத்தில் ஒன்று. செத்துப்போன மூத்தவர்களுக்கு வாழையிலை போட்டுப் பரிமாறி, வாருங்கள் என்று கூப்பிட்டு, எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். அவர்கள் சாப்பிட்டு முடித்திருப்பார்கள் என்று தோன்றும்போது கதவைத் தட்டிவிட்டு உள்ளே போவார்கள். என் எஸ்டேட் வீட்டிலும் என் அப்பா அப்படித்தான் தட்டுவார். அந்த அம்மா கூப்பிடுகிற பாட்டு அவர் வீட்டில் வழிவழியாக வந்தது. கொஞ்சம் மலாய், கொஞ்சம் நம் சொற்கள். மகனுக்கு அதைக் கிதாரில் பிடிக்க வேண்டும், முடியவில்லை. அதனால் அம்மாவைப் பாட வைத்துப் பதிந்துகொள்ளலாம் என்று அழைத்து வந்தார்.

அந்த அம்மா வந்தது வெறுங்கையோடு அல்ல. ஒரு கூடை நிறைய ரம்புத்தான், மங்குஸ்தீன், நடுவில் ஒரு டுரியான். வாழையிலை. விளக்கு.

தவுக்கே மூக்கைப் பிடித்துக்கொண்டார். "இது ஸ்டூடியோ, பசார் இல்லை. டுரியான் வாடை மெத்தைச் சுவரில் ஏறினால் ஒரு மாதம் போகாது."

மகன் சொன்னார், "அம்மா, சும்மா பாடினா போதும். சாப்பாடெல்லாம் வேண்டாம்."

"சாப்பாடு வைக்காம கூப்பிட்டா யார் வருவா? நீ வருவியா?" என்றார் அந்த அம்மா.

நான் மேசையைத் துடைத்துக் கொடுத்தேன். அவர் இலை போட்டார், விளக்கேற்றினார், உட்கார்ந்து பாடினார். சின்னக் குரல். இறந்தவர்களை ஒவ்வொருவராக, மாமன், அத்தை, குழந்தையிலேயே போன மகள் என்று, அடுத்த அறையில் இருப்பவர்களைச் சாப்பிடக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டார். பிறகு எழுந்தார், எங்கள் பக்கம் வந்தார், ஒலிப்பதிவு அறையின் கதவைச் சாத்தினார்.

மிஷின் இருந்த அறைக்கும் அந்த அறைக்கும் நடுவில் கண்ணாடி. "சாப்பிடுறவங்களைப் பாக்கக்கூடாது" என்றார். நான் என் தோள் துண்டை எடுத்துக் கண்ணாடிமேல் தொங்கவிட்டேன்.

தவுக்கே மிஷினை நிறுத்தக் கை நீட்டினார். கிதார்க்காரர் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "ஓடட்டும்."

"வெறும் அறை. ஓடுவது என் டேப்."

"ஓடட்டும் தவுக்கே."

ஓடியது. நாங்கள் நான்கு பேரும் சுற்றுகிற சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு சத்தமும் இல்லை. வெகுநேரம் கழித்து உள்ளே 'டொப்' என்று ஒன்று விழுந்தது. தவுக்கே என்னைப் பார்த்தார், நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் பொறுங்கள் என்று கையைக் காட்டினார். இன்னும் கொஞ்சம் பொறுத்து, மெத்தை அடித்த கதவில் தட்டினால் கேட்காது என்பதால், மகனைக் கண்ணாடிச் சட்டத்தில் தட்டச் சொன்னார். மூன்று தட்டு. உள்ளே போனோம். ஒரு ரம்புத்தான் தரையில் கிடந்தது. பழம் உருண்டு விழும்தான். ஆனால் தவுக்கே அதற்குப் பிறகு டுரியான் வாடையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் அந்த அம்மா, வந்தவர்களை அனுப்பி வைக்கிற பாட்டைப் பாடினார். மகன் கிதாரை எடுத்துக் கூடவே வாசித்தார். அந்த விரல் அவ்வளவு மெதுவாகப் போகும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அம்மா எங்கே நிற்கிறாரோ அங்கே நின்று, அவர் காலடி எடுத்து வைத்த பிறகே இவரும் வைத்தார். அந்த டேப்பும் சிவப்பு நூல் டின்னுக்குள் போனது.

அடுத்த பொங்கலுக்கு அந்த அம்மா இல்லை. மகன் சிங்கப்பூரில் வாசித்துக்கொண்டிருந்தபோது போனார். காரியம் முடிந்து கடைக்கு வந்த கிதார்க்காரர் டின்னைக் கையில் எடுத்தார், நூலைத் தொட்டார், திரும்ப வைத்துவிட்டார்.

"இப்ப கேக்க முடியாது அக்கா. முடியறப்ப வரேன். பாத்துக்குங்க."

பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். அவ்வளவுதான். சொல்வதற்கு ஒரு நொடிகூட ஆகாது.

பிறகு தேர்தல் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு முதல் தேர்தல், ஊரே ஒலிபெருக்கி. ஒரு வேட்பாளர் தன் ஆட்களோடு கடைக்குள் நுழைந்தார். பேச்சைப் பதிந்து கொடுக்க வேண்டும், மாலையில் வேன் பண்டார் ஹிலிரைச் சுற்றியாக வேண்டும். எங்களிடம் ஒரு புது டேப்பும் இல்லை. சிங்கப்பூரிலிருந்து சரக்கு ஏற்றி வந்த வண்டி மூவார் ஃபெரியில் வரிசையில் நிற்பதாகத் தந்தி வந்திருந்தது. மற்ற டேப்பெல்லாம் வாடிக்கையாளர்கள் வாங்கிப் போகக் காத்திருந்த வேலை. வேட்பாளரின் ஆட்கள் மேசையைத் தட்டினார்கள். இவரைத் திருப்பி அனுப்பினால் நாளைக்குக் கடைக்கு லைசென்ஸ் இருக்குமா என்ற பயம் தவுக்கே முகத்தில் தெரிந்தது.

"தங்கச்சி, அந்தச் சிவப்பு நூல் டின்னை எடு."

"அது அவருடையது தவுக்கே."

"டேப் என்னுடையது."

"டேப் உங்களுடையதுதான். அதில் இருப்பது அவர் அம்மா."

"அவள் செத்துவிட்டாள், தங்கச்சி."

"அதனால்தான் சொல்கிறேன்."

வேட்பாளரோடு வந்தவர்களில் ஒரு தமிழாள் இருந்தார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. அவர் சிரித்தார். "என்னாங்க அக்கா இது, செத்தவங்க குரலுக்காக உசுரோட இருக்கிறவரக் காக்க வைக்கிறீங்க?"

"உசுரோட இருக்கிறவரு இன்னொரு தடவ பேசிக்கலாம் தம்பி" என்றேன்.

நான் என்ன சொன்னேன் என்று வேட்பாளர் கேட்டார். அந்தத் தம்பி மலாயில் என்னமோ மாற்றிச் சொன்னார். வேட்பாளர் என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார்.

இங்கேதான் கவனியுங்கள் பிள்ளைகளே. நான் முடியாது என்று பிடிவாதமாக நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆட்கள் பார்க்கிறார்கள், முதலாளி தன் வார்த்தையைக் காப்பாற்றியாக வேண்டும். டின்னை அவரே எடுத்திருப்பார், என்னையும் அனுப்பியிருப்பார். வீட்டில் ஏழு வாய். முதலாளி பின்வாங்க ஒரு வழி வேண்டும், அந்த வழியை நீங்கள்தான் கையில் கொண்டு வந்து காட்ட வேண்டும். நான் மூலையிலிருந்து கோணிப்பையை இழுத்து வந்து மேசைமேல் கொட்டினேன். வெட்டின துண்டுகள், வருஷக்கணக்கில் சேர்ந்தது. பாம்புக்கூட்டம் போல் சரிந்தது.

"இதில் ஒட்டித் தருகிறேன்."

தவுக்கே கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு மணி நேரம். ஆகாவிட்டால் சிவப்பு நூல். அப்புறம் நாளைக்கு நீ வர வேண்டாம்."

உட்கார்ந்தேன். நீளமான துண்டாகப் பார்த்து எடுத்து, நுனி சேர்த்து, ஒட்டி, சுற்றினேன். எத்தனை என்று எண்ணவில்லை, எண்ணினால் வேகம் குறையும். பேனாக்காரத் தம்பி காப்பி குடித்துக்கொண்டே, "டேப்பு கேட்டா மால கட்டுறீங்களே அக்கா. யாரு கழுத்துக்கு?" என்றார். நான் அடுத்த துண்டை எடுத்தேன். கை வேலையில் இருக்கும்போது வாய் சண்டைக்குப் போகக் கூடாது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பாதி நேரம் போயிற்று, பாதிச் சக்கரம்கூட நிறையவில்லை. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அப்போது எதிரே நாற்காலி இழுக்கும் சத்தம். தவுக்கே சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. ஒரு துண்டை எடுத்து நுனியை வெட்டினார்.

இரண்டு பேர் கையில் வேலை முடிந்தது. வேட்பாளர் பேசினார், டேப் அறுந்துபோகாமல் ஓடியது, வேன் கிளம்பிப் போனது. தவுக்கே ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு, "டின்னை மேல் தட்டில் வை. கீழே இருந்தால் கண்ணில் படுகிறது" என்றார்.

ஒரு குறை மட்டும் இருந்தது. எங்கேயோ ஒரு துண்டு முகமும் முதுகும் மாறி ஒட்டப்பட்டுவிட்டது, ஒலி ஏறும் பக்கம் மிஷினைத் தொடவில்லை. அந்த இடத்தில் குரல் தலையணைக்குள் போனது போல் அமுங்கிவிடும். சரியாக எங்கே என்றால், "என்னை ஜெயிக்க வைத்தால் உங்களுக்கு நான் தரப்போவது" என்று சொன்னதற்கு அடுத்தபடி. மலாக்கா முழுவதும் அன்று மாலை அதைக் கேட்டது. காப்பிக்கடையில் ஆட்கள், "தருவதைச் சொல்லும்போது மட்டும் வாயைப் பொத்திக்கொள்கிறான் பார்" என்று சிரித்தார்கள். அந்தத் துண்டை ஒட்டியது தவுக்கே என்று நான் சொல்வேன், நான்தான் என்று அவர் சாகும்வரை சொன்னார். வேட்பாளர் ஜெயித்துவிட்டார். அதற்கு நாங்கள் பொறுப்பில்லை.

மறுபடி பழக்காலம் வந்தபோது கிதார்க்காரர் வந்தார். கிதார் கொண்டுவரவில்லை.

"அக்கா, இப்ப கேக்கலாம்னு நெனைக்கிறேன்."

டின்னை இறக்கிக் கொடுத்தேன். தவுக்கேயே டேப்பை மாட்டிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். மிஷின் அறைக்கு வெறும் பலகைக் கதவு, உள்ளே நடப்பது வெளியே கேட்கும். நாங்கள் இருவரும் கடைப் பக்கம் வேலை செய்வது போல் நின்றோம். அந்த அம்மாவின் குரல் வந்தது. மாமனைக் கூப்பிட்டார், அத்தையைக் கூப்பிட்டார், மகளைக் கூப்பிட்டார். பிறகு டேப்பில் கதவு சாத்துகிற சத்தம்.

அந்தச் சத்தம் கேட்டதும் உள்ளே நாற்காலி நகர்ந்தது. கிதார்க்காரர் எழுந்து வெளியே வந்தார். வந்து, பலகைக் கதவை மெதுவாகச் சாத்தினார். எங்களோடு நின்றார்.

உள்ளே டேப் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேர் நின்றோம். போன தடவை நான்கு பேர் நின்றோம். இப்போது அந்த நான்காவது ஆள் எந்தப் பக்கம் இருக்கிறார் என்று மூவருக்கும் தெரியும். 'டொப்' என்று விழுந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். இன்னும் கொஞ்ச நேரம். பிறகு உள்ளேயிருந்து மூன்று தட்டு, அவரே அன்று தட்டியது. அதைக் கேட்ட பிறகுதான் கதவைத் திறந்து உள்ளே போனார்.

தவுக்கே ஒரு ரேடியோவைத் துடைக்க ஆரம்பித்தார். அதை ஏற்கெனவே துடைத்திருந்தார்.

போகும்போது கிதார்க்காரர் டின்னை எடுத்துக்கொண்டு, நூலை அவரே திரும்பச் சுற்றினார். என் முடிச்சு அவிழாமல் இருந்தது. தேர்தல் நாள் கதையை நான் சொல்லவில்லை. தவுக்கே பிறகு சொல்லியிருக்கிறார், ஒரு மணி நேரத்தில் தானே ஒட்டி முடித்ததாக. கிதார்க்காரர் அவருக்கு ஒரு சட்டைத்துணி வாங்கிக் கொடுத்தார். நான் விட்டுக்கொடுத்தேன். இன்று எழுதி வைக்கும்போது விட்டுக்கொடுக்க மனமில்லை, அதனால் சொல்கிறேன்: பையைக் கொட்டியது நான்.

அந்த டேப் ஒருநாளும் பிளேட்டாக வரவில்லை. கிதார்க்காரர் இறந்த பிறகு கம்போங் செட்டி வீட்டுக்குக் கூரை மாற்றும்போது, அவர் மகள் சாமி அறைப் பரணில் டின்னைக் கண்டெடுத்து உங்களிடம் கொண்டு வந்தார். நூலைப் பற்றிக் கேட்க என்னைத் தேடிப் பிடித்தீர்கள். போட்டுக் காட்டினீர்கள். டேப்பில் கதவு சாத்தியதும் நான் கைத்தடியை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே போனேன். மயக்கம் என்று நினைத்து ஒரு பெண் தண்ணீரோடு ஓடி வந்தாள். கணினித் திரையில் நீளமாக ஒரு கோடு மட்டும் ஓடுகிறது என்று சொல்லி, "இது காலி, வெட்டிடலாமா பாட்டி? நடுவுல ஒரு சத்தம் மட்டும் இருக்கு, அதையும் எடுத்துடலாம்" என்று கேட்டாள். கெட்டிக்காரப் பெண். வேலை தெரிந்ததால் கேட்டாள். இந்தக் கதையை அவளுக்கு அன்றே வாசலில் சொன்னேன். அவள் உள்ளே போய் மற்றவர்களிடம் ஏதோ சொன்னாள். கொஞ்ச நேரத்தில் நீங்கள் அந்த இடத்தைத் திரும்ப ஓடவிட்டு, ஒவ்வொருவராக வெளியே வந்து, என் பக்கத்தில் நின்று, கதவைச் சாத்தினீர்கள்.

அதற்கு மேல் உங்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை.

எழுதிவிட்டாயா கண்ணு? சரி, முதலிலிருந்து படி, கேட்கிறேன். கதவு சாத்துகிற இடம் வந்ததும் கொஞ்சம் நிறுத்து. அவசரப்படாதே. அவர்கள் சாப்பிட்டு முடிக்கட்டும்.